கொட்டகைச் சுவரும் நான்கு ஜாக்கிகளும்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியிருக்கிறபடிதான். வயது ஐம்பத்திரண்டு. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் நாற்காலி செய்யும் தச்சர். அவருடைய உயரத்தைப் பார்த்துத் தெருவில் நெட்டையர் என்பார்கள். பக்கத்து வீட்டு லாரி மெக்கானிக்கின் ஜாக்கிகள் திருட்டுப் போனதாக அவருடைய அண்ணன் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற வருடம் என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் குனிந்து வேலை செய்தால் தொழிலையே விட வேண்டிவரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய பட்டறை எங்கள் தோட்டத்தில் உள்ள பழைய கொட்டகை. அதைக் கட்டிய புண்ணியவான் தன் உயரத்துக்கு அளவெடுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். என் கணவர் நிமிர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். வேறு இடம் பார்க்க எங்களுக்கு வழியில்லை. ஆகவே கொட்டகையின் சுவரை உயர்த்துவது என்று முடிவு செய்தோம்.

கொத்தனாரான என் தம்பி வந்து பார்த்தான். துருப்பிடித்த தகரத்தைக் கழற்றினால் திரும்ப மாட்ட உதவாது, கூரையை அப்படியே ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் செங்கல் வைத்துச் சுவரை ஏற்றலாம் என்றான். அதன் பிறகு நான் வேலிச் சந்து வழியாகப் போய், மெக்கானிக்கின் ஷெட்டிலிருந்து நான்கு ஜாக்கிகளை எடுத்துவந்தேன். அவரும் அவர் மனைவியும் அப்போது ஊரில் இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஆள் இல்லாதபோது ஒரு பொருளை எடுத்தால், அந்த இடத்தில் நம் வீட்டுப் பொருள் ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஏணியை எடுத்தபோது அவர்கள் சுவர்க் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். நான்கு ஜாக்கிக்குக் குடை, செருப்பு எல்லாம் ஈடாகுமா என்று யோசித்து, என் குக்கரையே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள மெக்கானிக்கின் அண்ணன் வந்து இறங்கியது எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற கிடங்குப் பொறுப்பாளரான அவருக்கு எங்கள் பழக்கம் தெரியாது. தம்பி நம்பி ஒப்படைத்த வீட்டில் வந்ததும் வராததுமாகப் பொருள் போய்விட்டதே என்று பதறி, தம்பிக்குக்கூடச் சொல்ல வெட்கப்பட்டு, நேரே இந்த நிலையத்துக்கு வந்து, திருடன் விட்டுச்சென்றது என்று என் குக்கரையும் ஒப்படைத்திருக்கிறார். இப்போது எனக்குக் காட்டப்பட்ட குக்கர் என்னுடையதுதான். கைப்பிடியில் உள்ள நீல நூல் நான் சுற்றியது.

அதன் பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் காவலர் ஒருவர் அவருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது சுவர் ஏறி முடிந்திருந்தது, ஆனால் கலவை ஈரம். கூரையின் பாரம் முழுவதும் ஜாக்கிகளின் மேல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். குக்கரை வைத்துவிட்டு ஜாக்கியை எடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று அண்ணன் கேட்டார். இப்போது இறக்கினால் ஈரச் சுவர் சரிந்துவிடும், கூரையும் போய்விடும் என்று என் தம்பி கெஞ்சினான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உள்ளே போய் ஒரு ஜாக்கியின் பிடியில் கை வைத்தார்.

தூக்கி நிறுத்திய கூரைக்கு அடியில் என் கணவர் தலை இடிக்காமல் நிமிர்ந்து நின்றிருந்தார். அண்ணனைப் பார்த்து, "இறக்கிக்குங்கண்ணே, உங்க பொருள். ஒரு நிமிஷம் மட்டும் பொறுங்க, இப்படி நேரா நின்னுட்டு வந்துடுறேன்" என்றார்.

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிடியிலிருந்து கையை எடுத்தார். கலவை இறுக எத்தனை நாளாகும் என்று என் தம்பியிடம் கேட்டார். நாலைந்து நாளாவது ஆகும் என்றான். "அப்ப அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். என் பொறுப்புல இருக்கிற பொருளு" என்று சொல்லி, என் கணவர் செய்த நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு தினமும் காலையில் வந்துவிடுவார். சும்மா இருக்கும் ஆள் இல்லை, சுவருக்குத் தண்ணீரும் அவரே ஊற்றினார். ஒரு ஜாக்கி லேசாக இறங்குவதை முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவரும் அவர்தான். இல்லாவிட்டால் சுவர் பிளந்திருக்கும். சாப்பாடு தாமதமாகிறதே என்று ஒரு நாள் கேட்டார். குக்கர் ஸ்டேஷனில் இருக்கிறது என்றேன்.

சுவர் இறுகியதும் ஜாக்கிகளைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். புகாரை முடித்துக்கொள்ள அவரும் என்னுடன் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

கணவரை ஏன் அழைத்துவரவில்லை என்று கேட்கப்பட்டது. அவருக்கு வேலை இருக்கிறது. இத்தனை வருடமாகச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகைக்குள் வளைந்த முதுகு ஒன்றுதான் தெரியும். இன்று காலை அவருடைய முகம் தெரிந்தது. நின்றபடியே மரம் இழைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கூப்பிட மனம் வரவில்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதற்கு மேல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தனையும் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)