கண்ணாடி போடாத ஜனாதிபதி

"ஹலோ... ஹலோ, கணேஸ்வரன் அண்ணையோ? கண்ணாடியைப் போட்டிட்டியளோ?... போடாதேங்கோ! அப்பிடியே வையுங்கோ!"

ஆபிரிக்க நாடொன்றின் லண்டன் தூதரகத்தில் சுலோச்சனா பதினொரு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறாள். தேர்தலில் வென்றதாக அறிவிக்கப்பட்ட புது ஜனாதிபதியின் படத்தை, நோர்பரியில் உள்ள கணேஸ்வரனின் பிரேம் கடைக்கு அவள்தான் அனுப்பியிருந்தாள். பின்னேரம் நாலு மணிக்கு விருந்து. அதற்குள் படம் சுவரில் ஏறவேண்டும். ஆனால் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தல் வழக்கின் தீர்ப்பை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தது. மேசைக்கு எதிரே டிவி ஓடியது.

"ஓம்... ஓம், தங்கக் கலர் பிரேம்தான்... இல்லை அண்ணை, அவர்தான் வெண்டவர். வெண்டவர் எண்டு தேர்தல் ஆணைக்குழு சொன்னது. கோர்ட் என்ன சொல்லுதெண்டு... பொறுங்கோ... ஒரு ஊரிலை இருக்கிற சனத்தை விடப் போட்ட வாக்குக் கூடவாம்... பொறுங்கோ... செல்லாதாம்! தேர்தலே செல்லாதாம் அண்ணை! அறுபது நாளுக்குள்ளை திருப்பி வைக்கட்டாம்!... ஓமோம், படத்தைக் கழட்டுங்கோ... பழையவரோ? அவருக்குக் காலம் முடிஞ்சுதே, அவரும் இருக்கேலாதாம். அதுவரைக்கும் சபாநாயகர் பாப்பாராம்... அவற்றை படம் என்னட்டை எங்காலை? கூகிளிலை பாத்தனான். ஆற்றையோ கலியாணவீட்டிலை வாய்நிறையச் சோத்தோடை இருக்கிறார். அதைச் சுவரிலை மாட்டேலுமே?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தாள். டிவியில் நீதியரசர் அம்மையார் பக்கத்தைப் புரட்டினார். தங்கள் பதவிக்காலம் முடிந்த பிறகும் பழைய ஜனாதிபதி வைத்துக்கொண்டிருந்த அதிகாரிகள் பற்றிய பகுதி வந்தது. சுலோச்சனாவின் சிரிப்பு நின்றது.

"அண்ணை, இது எங்கடை ஆளையும் பிடிக்கும்... தூதுவரைத்தான். அவற்றை காலம் முடிஞ்சு ரெண்டு மாதம். பழையவர் ஒரு கடுதாசியிலை நீட்டிவிட்டவர்... சிரியாதேங்கோ! என்ரை கடிதம்!... என்ன கடிதமோ? என்னைப் பெர்மனன்ற் ஆக்கின கடிதம்! போன கிழமை கையெழுத்து வைச்சவர் இவர்தானே! அப்ப இவர் தூதுவரே இல்லையெண்டால்..."

அந்தக் கடிதத்தை நம்பி, முந்தநாள்தான் சனி ஞாயிறு செய்துவந்த சூப்பர் மார்க்கெட் ஷிப்டை விட்டிருந்தாள். அவள் பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர் என்று கேள்விப்பட்டதும், நாற்காலியில் இருந்தபடியே பேனையைத் திறந்த மனிதர் தூதுவர்.

"ஓம், லைனிலைதான் நிக்கிறன்... வாசிக்கினம்... அப்பிடியான ஆக்கள் இண்டைக்கே வெளிக்கிடவேணுமாம். ஐயோ... ச்சூ, கதையாதேங்கோ அண்ணை! கேக்கேல்லை!... அவையள் அதுவரைக்கும் வைச்ச கையெழுத்து... அதை நம்பின ஆக்களை... செல்லும்! செல்லுமாம்! ஆள் போகவேணும், கையெழுத்து இருக்குமாம்! அந்த ஜட்ஜ் மனிசி பக்கத்திலை நிண்டால் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போடுவன்!"

சுழல்நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் தூதுவரின் அறைக்கதவு திறந்தது.

மேல்கோட்டுப் போட்டிருந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. கார்ச் சாவியை அவள் மேசையில் மெதுவாக வைத்தார். சுலோச்சனா அவசரமாக எழுந்தாள். தன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. அவர் குனிந்து, தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

"அண்ணை... ஓம், அவர்தான். முன்னாலை நிக்கிறார்... இல்லை, கோவமில்லை. கோர்ட் சொன்னால் சரி எண்டுறார்... கார் தூதரகத்தின்ரையெல்லே, இனித் தொடமாட்டாராம். வீட்டுக்கு எந்த பஸ் எண்டு என்னட்டைக் கேக்கிறார்... பகிடியில்லை அண்ணை. நாலு வருசம் லண்டனிலை, ஒருநாளும் பஸ் ஏறேல்லையாம்... விருந்தோ? ஆருக்கு விருந்து இனி? எல்லாரையும் வரவேண்டாமெண்டு நான்தான் சொல்லவேணும். அது பிறகு... ஓம்... ஓம், பஸ்ஸிலை கார்ட்டை எங்கை தட்டுறதெண்டு காட்டி ஏத்திவிட்டிட்டு வாறன். வைக்கிறன் அண்ணை."

போனை வைத்துவிட்டு, அவர் வேண்டாமென்று தலையசைக்க அசைக்க, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டாள்.