சீரோடு வந்த வீடியோ கேம்

— அப்புறம்?

— அப்புறம் பால் பாக்கெட்டை எடுப்பேன். காய்ச்சுவேன். ஒரு காப்பி. மிச்சப் பாலுக்கு உறை ஊத்துவேன்.

— அப்புறம்?

— மோட்டார் போடுவேன். குளிப்பேன். டிவியைப் போட்டு ஒரு தடவை பாத்துட்டு அணைப்பேன். சட்டையை மாட்டுவேன். திருமங்கலம் பஸ்ஸைப் பிடிப்பேன். போதுமா மாப்ள?

— மச்சான், நீங்க சாப்புடுறீகளான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு அம்மா. மோட்டார் போடுறீக, சட்டை போடுறீக, சோறுன்னு ஒரு வார்த்தை வாயில வரமாட்டேங்குது.

— ஆபீஸ் பக்கத்துல மெஸ் இருக்கு.

— ராத்திரிக்கு?

— தயிர் இருக்குல்ல.

— சரி, அம்மாகிட்ட மெஸ்ஸ மட்டும் சொல்றேன். தயிரச் சொன்னேன், இன்னைக்கே தூக்குச்சட்டியோட கல்லுப்பட்டியில பஸ் ஏறிரும். ஆமா, காலையில டிவியில என்ன பாக்குறீக? நியூஸா?

— இல்ல.

— தெரியும். சும்மா கேட்டேன்.

— தெரிஞ்சா எதுக்குக் கேக்குற?

— நீங்களாச் சொல்லுவீகளான்னு பாத்தேன். நான் சோத்துக்காக வரல மச்சான். பக்கத்து வீட்டு ஹரிராம் சார் நேத்து என் சர்வீஸ் கடைக்குப் போன் போட்டாரு. 'தம்பி விருமாண்டி, நல்லகாமன் சார் ஆபீஸ் போயிட்டாரு, பூட்டுன வீட்டுக்குள்ளருந்து கருகுன வாடை வருது'ன்னாரு. போன வச்சதுலருந்து எனக்கு வேலையே ஓடல.

— சாயங்காலம் வந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லையா? இந்த அடாப்டரத் தொடுங்க. தொட்டுப் பாருங்கங்கிறேன்.

— சூடாத்தான் இருக்கு.

— தோசையே ஊத்தலாம். பெட்டியப் பாருங்க. காத்துப் போற ஓட்டை அம்புட்டையும் தூசி அடைச்சிருச்சு. உள்ள இருக்க சூடு எப்பிடி வெளிய வரும்? பொங்கலுக்கு முன்னாடி போட்டது, இப்ப ஆடி பொறந்துருச்சு. வீடியோ கேம எவனாச்சும் இத்தன மாசம் அணைக்காம வச்சிருப்பானா?

— உன் கடையில கம்ப்யூட்டர் ஓடுதுல்ல.

— அதுக்குள்ள ஃபேன் இருக்கு மச்சான். இதுல என்ன இருக்கு? ஒரு சிவப்பு லைட்டு இருக்கு. கரண்டு போனாக்கூட நிக்கவிட மாட்டேங்குறீக. யுபிஎஸ் வேணும்னு வந்து கேட்டீக. மச்சான் கம்ப்யூட்டர் வாங்கப் போறாரு, மனசு கொஞ்சம் தேறிருச்சுபோலன்னு நெனச்சேன். நானே தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்து குடுத்தேன். இதுக்குன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்.

— நல்லா உழைக்குது.

— உழைக்கட்டும், உழைக்கட்டும். அணைக்கத்தான் மனசு வரல, மேலாக்க ஒரு துணி போட்டுத் தொடச்சிருக்கலாம்ல? அதுக்கு என்ன?

— செய்யணும்.

— எப்ப?

— செய்யுறேன்னுதான் சொல்லியிருக்கேன்.

— யாருகிட்ட?

— அந்தப் பாட்டிலை மூடி வை. வாடை அடிக்குது.

— ஸ்பிரிட்டு. கடையில போர்டு தொடைக்கிறது. தண்ணி கலக்காதது, தொடச்ச கையோட காஞ்சிரும். இந்தா பிரஷ், இந்தா பஞ்சுக்குச்சி. எல்லாத்தோடயும்தான் வந்துருக்கேன். முதல்ல பிளக்கப் புடுங்கணும்.

— அது வேணாம்.

— கரண்டு ஓடுறப்ப இதுல கைய வைக்கக் கூடாது மச்சான். ஒரு சொட்டு உள்ள போனாப் போதும்.

— மத்த கேசட்டை எல்லாம் முதல்ல தொடைப்போம்.

— மாட்டிருக்க கேசட்டு?

— அப்புறம் பாக்கலாம்.

— சரி. மத்ததெல்லாம் எங்க?

— அண்டாவுல.

— இன்னமும் அண்டாவுலதானா? சீருக்குக் குடுத்த பித்தளை அண்டாவுல அரிசி போட்டு வைப்பாக, தண்ணி பிடிச்சு வைப்பாக. எங்கக்கா ஒண்ணுதான் கேசட்டு போட்டு வச்சது. ஞாபகம் இருக்கா, பந்தல்ல சீர் பரப்பி வச்சிருந்தாகல்ல? உங்க பெரியப்பா வந்து அண்டாவத் தட்டிப் பாத்துட்டு, உள்ள என்னமோ கெடக்கேன்னு கைய விட்டாரு. ஜாய்ஸ்டிக் வயர் சுருண்டு கெடந்துச்சு. பாம்புன்னு நெனச்சு மனுசன் பந்தல்காலப் போய்க் கட்டிக்கிட்டாரு.

— நான் மணவறையில இருந்தேன். பாக்கல.

— அக்கா பாத்துச்சு. தாலி கட்டுறப்ப சிரிச்சுச்சே, எதுக்குன்னு நெனச்சீக?

— தெரியாது. இப்பத்தான் தெரியுது.

— எனக்கு அன்னைக்கு அழுகதான். அந்தப் பெட்டியில பாதி என்னோடது. ரெண்டு பேரும் சேத்து வச்சு வாங்குனது. சொல்லாமக் கொள்ளாம அண்டாவுல போட்டு எடுத்துட்டு வந்துருச்சு. ரொம்ப நாளு உங்க வீட்டுப் பக்கம் வரலையே, அக்கா வீட்டுக் கறிச்சோறு பிடிக்கலையான்னு எல்லாரும் கேட்டாக. காரணம் இதுதான்.

— பிரஷ்ஷைக் குடு. நான் தொடைக்கிறேன்.

— எனக்கு இது தினம் பாக்குற வேல மச்சான். நீங்க எதுக்கு?

— நான்தான் தொடைக்கணும். நீ சொல்லு.

— சரி, நீங்களே தொடைங்க. முதல்ல காஞ்ச பிரஷ்ஷால மேல இருக்கத எல்லாம் தட்டிவிடுங்க. அப்புறம் கேசட்ட வாய்ப் பக்கமாத் திருப்புங்க. பல்லு வரிசையாட்டம் முலாம் பூசுன செம்புப் பட்டை தெரியுதா? அதுதான் உசிர்நாடி. பஞ்ச ஸ்பிரிட்டுல தொட்டு எடுங்க. முக்கக் கூடாது, தொட்டு எடுக்கணும். மேலருந்து கீழ ஒரே இழுப்பு. திருப்பி மேல கொண்டு போகாதீக, அழுக்கு உள்ள ஏறிரும்.

— இப்படியா?

— அப்பிடித்தான். சிலபேரு ரப்பர வச்சுத் தேய்ப்பான், சிலபேரு உப்புத்தாள்ல தேய்ப்பான். முலாம் போயிரும். அதுக்கப்புறம் கேசட்டு குப்பைக்குத்தான்.

— பச்சையா வருது.

— களிம்பு. அண்டாவுல புளித்தண்ணி வச்சாப் பூக்கும்ல, அந்தக் களிம்புதான்.

— இது எதனால?

— ஊதுறதால. கேசட்டு ஓடலேன்னா என்ன செய்வோம்? கழட்டி வாயால ஃபூன்னு ஊதி, திரும்ப மாட்டுவோம். ஓடிரும். ஊதுனதாலதான் ஓடுதுன்னு நெனைப்போம், கழட்டி மாட்டுனதால ஓடுது. ஊதுறதுல வாயில இருக்க ஈரம்தான் போய் ஒட்டும். நாள்பட்டா இப்பிடிப் பச்சையாக் கெளம்பும். எங்க தெரு முழுக்க ஊதுறதக் கத்துக்குடுத்ததே எங்கக்காதான். இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்து ஊதும், நாதசுரக்காரன் கணக்கா.

— அப்ப இது அவ ஊதுனது.

— ஆமா மச்சான்.

— குச்சியைத் தூக்கிப் போடாத.

— பின்ன என்ன செய்ய?

— இங்க வை. தட்டுல.

— அழுக்கு மச்சான் அது.

— தெரியும். அடுத்த கேசட்டை எடு.

— ஊருல எல்லாரும் நீங்க அழுகலைன்னு பேசிக்கிறாக.

— பேசட்டும்.

— நான் விட்டுக்குடுக்கல. எங்க மச்சான் பி.காம் படிச்சவரு, அவருக்கு எல்லாம் உள்ளுக்குள்ளதான்னு சொல்லிட்டேன்.

— பி.காமுக்கும் அதுக்கும் என்ன மாப்ள?

— ஒண்ணும் இல்ல. ஒரு எடுப்பா இருக்கட்டும்னு சொன்னேன்.

— இதுவும் பச்சை.

— அம்புட்டும் பச்சையாத்தான் இருக்கும். மச்சான், அந்த டிவியக் கொஞ்சம் போடுங்களேன். நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன்.

— போட்டுக்க.

— இந்த எடமா?

— ம்.

— இந்தச் சுவத்தத் தாண்டுறதுக்குள்ள அக்காவுக்கு எப்பவும் உசுரு போயிரும். சரியா தாவுன நேரத்துல நிப்பாட்டிருக்கு பாருங்க. சின்னப்பய அந்தரத்துல நிக்கிறான். கீழ தரையும் இல்ல, மேல பிடிக்கவும் ஒண்ணும் இல்ல. காலையில எந்திரிச்சு இதையா பாக்குறீக?

— ஆமா.

— எதுக்கு மச்சான்?

— நிக்கிறானான்னு பாப்பேன். நிப்பான். அணைச்சுட்டுப் போயிருவேன்.

— நான் இந்த ஆட்டத்த முடிச்சு வச்சுரவா? ரெண்டு எட்டுதான். அதுக்கப்புறம் அணைச்சா யாருக்கும் சங்கடம் இல்ல.

— ஜாய்ஸ்டிக்கைத் தொடாத.

— தொடல. கைய மடியில வச்சுக்கிட்டேன், பாத்துக்கங்க. ஆனா நான் ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது.

— கேளு.

— அன்னைக்கு அக்காவ நடுவீட்டுல கெடத்தியிருந்தப்ப, எங்க சித்தப்பா லைட்டு எரியுதேன்னு பிளக்குல கைய வச்சாரு. அதுவரைக்கும் ஒரு வார்த்த பேசாத ஆளு நீங்க. 'அணைக்காதீங்க, வந்து ஆடுறேன்னு சொல்லிட்டுப் போனா'ன்னீக. வந்திருந்த சனம் அம்புட்டும் வாயப் பொத்திக்கிருச்சு. மாவு வாங்க ரோட்டத் தாண்டுன பிள்ள, லாரியில அடிபட்டுப் போச்சு. அத விட்டுட்டு எங்கம்மா இன்னைக்கும் இதச் சொல்லித்தான் அழுகுது. எம்புள்ள விளையாட்டப் பாதியில விட்டுட்டுப் போச்சேன்னு. நான் கேக்குறது, அக்கா வந்தா ஆடும். வரலையே மச்சான்.

— வரல.

— பின்ன?

— ஒண்ணும் இல்ல. ஓடிக்கிட்டிருக்கு, ஓடட்டும்.

— அது ஓடி நின்னா நான் வாய மூடிக்கிருவேன். பத்திக்கிருச்சுன்னா? ஹரிராம் சார் வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே சுவரு. அவுக பேத்தி இந்துப்ரியாவுக்கு அந்தப் பக்கம் தொட்டில் கட்டியிருக்காக. வாரப்ப பாத்துட்டுத்தான் வந்தேன். இந்த ஸ்டாண்டுக்கு நேர் பின்னால இருக்கு.

— தொட்டில் ஜன்னல் பக்கம்ல இருந்துச்சு?

— வெயில் அடிக்குதுன்னு இங்குட்டு மாத்திட்டாக. வாடை வந்துச்சுன்னு அவுக சம்சாரம் ராதாமணியம்மா நேத்துப் பிள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து உக்காந்திருந்துச்சாம். உங்ககிட்டச் சொல்ல அவுகளுக்குச் சங்கடம். அதுனாலதான் எனக்குப் போன் போட்டாக.

— எந்திரி.

— என்ன மச்சான்?

— நீ வழியில உக்காந்திருக்க. எந்திரி. பிளக் உனக்குப் பின்னால இருக்கு.

— நான் வேணும்னா புடுங்கவா?

— வேணாம்.

— மச்சான்?

— ம்.

— புடுங்கிட்டீகளா?

— புடுங்கிட்டேன். லைட் இன்னும் எரியுது.

— உள்ள கொஞ்சம் கரண்டு தேங்கி நிக்கும். மெதுவாத்தான் போகும்.

— போயிருச்சு.

— உக்காருங்க மச்சான்.

— உக்காந்துதான் இருக்கேன். அடுத்து என்ன?

— ஆறட்டும். சூட்டோட தெறந்தா பிளாஸ்டிக் நெளிஞ்சிரும். காப்பி போடவா?

— பால் காய்ச்சித்தான் இருக்கு. உனக்கு மட்டும் போடு.

— இந்தாங்க, உங்களுக்கும் போட்டுட்டேன். குடிச்சுட்டுத் திருப்புளியப் பிடிங்க. அடியில நாலு மூலை திருகாணியையும் கழட்டுங்க. மூடிய மெல்லத் தூக்குங்க, வயர் இழுக்கும். அடேயப்பா.

— பஞ்சு மெத்தை மாதிரி இருக்கு.

— பல்லி முட்ட ஓடு வேற. கதகதப்பா இருக்குன்னு குடும்பம் நடத்தியிருக்கு. இந்த வயரப் பாருங்க, மேல்தோலு உருகி உள்ள செம்பு தெரியுது. நேத்து வந்த வாடை இதுதான்.

— ஆமா.

— இதுக்கு வேற வயர் நான் வச்சுத் தாரேன். நீங்க தூசிய எடுங்க. வாயால ஊதக் கூடாது. பிரஷ்ஷ உள்ளருந்து வெளிய தள்ளுங்க. ஈரத்துணி ஆகாது. கேசட்டு சொருகுற வாய்க்குள்ள பஞ்ச விடாதீக, நூல் சிக்கிக்கிரும். வெறும் பிரஷ் போதும். அந்த மூலையில இன்னும் இருக்கு பாருங்க.

— எடுத்துட்டேன்.

— பூ மாதிரி ஆயிருச்சு. மாட்டியிருந்த கேசட்டையும் தொடச்சுருங்க. பச்சையா?

— பச்சைதான்.

— குச்சி?

— தட்டுல வச்சுட்டேன்.

— சரி, இந்தா வயர ஈயம் வச்சுப் பத்த வச்சாச்சு. மூடி முடுக்குங்க. போட்டுப் பாக்கலாமா?

— போடு.

— ஓடுது மச்சான். சத்தம் எம்புட்டுச் சுத்தமா இருக்கு. முதல்லருந்து ஆரம்பிக்குது. சின்னப்பய தரையில நிக்கிறான். ஒரு ஆட்டம் போடுவோமா?

— இல்ல. அணைச்சுரு.

— நெசமாவா?

— அணைச்சு, ஒரு துணியைப் போட்டு மூடு.

— அணைச்சாச்சு. ஆனா நான் எங்கம்மாகிட்ட என்ன சொல்ல? மகள வீட்டுக்கு அழைக்கிற மாசமாச்சேன்னு, ஆடி பொறந்த நாள்லருந்து அது தூங்கல. அணைச்சுட்டோம்னு சொன்னா, என் பிள்ள அணைக்காதீகன்னு சொல்லிட்டுப் போச்சே, அந்தப் பேச்ச மீறி எப்பிடிடா அணைச்சீகன்னு என்னையத்தான் பிடிக்கும்.

— மீறலைன்னு சொல்லு.

— எப்பிடி மச்சான்? சொன்னது சொன்னதுதான.

— அவ அப்படிச் சொல்லல மாப்ள. அன்னைக்கு உங்க சித்தப்பா கையை வச்சதும் என் வாயில வந்துருச்சு.

— அப்ப எங்கக்கா கடைசியா என்னதான் சொல்லிட்டுப் போச்சு?

— 'எம்புட்டுத் தூசி பாருங்க. நான் மாவு வாங்கிட்டு வாரேன், அதுக்குள்ள இத அணைச்சுட்டுத் தொடச்சு வைங்க.'