மஹாலின் வெள்ளை உறைகள்

இரவு ஒரு மணிக்கு மேல் தாடிக்கொம்பு ரோட்டில் நாய்கூடக் குரைக்காது. இன்னும் கிட்டே வாருங்கள்... இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் தெரு ஐரினுடைய சித்தி அமலராணிக்கு நடந்தது.

டவுனைத் தாண்டியதும் ஒரு பழைய கல் கட்டடம் வரும், பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சத்திரம். பிறகு காலரா ஆஸ்பத்திரி. அப்புறம் ரேஷன் குடோன். கொரோனா வந்ததும் வார்டு. இப்போது ஏசி போட்ட கல்யாண மஹால்! கட்டில் கிடந்த இடத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். புதுசாகப் பெயிண்ட் அடித்தால் போதும், நம் சனத்துக்கு எல்லாம் மறந்துவிடும்.

சித்தியின் கணவர் செபஸ்தியான் செத்தது அந்த வார்டில்தான். முகத்தைக் காட்டவே இல்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பொதி... தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். "மூஞ்சிய ஒருவாட்டி பாத்தாப் போதும்டி" என்று ஐரினிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். செத்த இடத்திலாவது ஒருநாள் கண்ணில் படமாட்டாரா என்றுதான் அந்த மஹாலில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

அன்றைக்கு ஒரு ரிசப்ஷன். எல்லாரும் போயாயிற்று. சலவைக்குப் போடுவதற்காக நாற்காலிகளின் வெள்ளைத் துணி உறைகளை உருவிக்கொண்டிருந்தாள். அதுவரை பிரியாணி வாசனை... திடீரென்று பிளீச்சிங் பவுடர் நெடி. எங்கோ தண்ணீரில் குமிழி விடும் சத்தம். களக்... களக்... ஆக்சிஜன் ஏறும்போது கேட்குமே, அது.

கையிலிருந்த உறை சரசரத்தது. துணி இல்லை... பிளாஸ்டிக்.

உருவினாள். உள்ளே ஒரு பெண்ணின் முகம்.

"பாத்துட்டீல்ல தாயி? எங்க வீட்ல சொல்லிரு."

அடுத்ததில் ஒரு காலேஜ் பையன். அவனும் அதையேதான் சொன்னான். சித்தி ஓடவில்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது அவளுக்கு. வரிசை வரிசையாக உருவிக்கொண்டே போனாள். ஒவ்வொரு முகமாக... செபஸ்தியான் இல்லை. இதிலும் இல்லை.

கடைசி உறையில் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர். நெற்றியில் தொழுகையில் விழுந்த தழும்பு. அவள் முன்பின் பார்த்ததில்லை. அவரோ தெரிந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் எங்கய்யா?" என்று கத்தினாள் சித்தி.

"தெரியலையேம்மா... கல்லறைத் திருநாளைக்கு வருசா வருசம் நீ மெழுகுவத்தி ஏத்துறது எனக்குத்தான்."