இடையனோட உள்ளங்கால்

ஏணிய இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க தம்பி, அங்க இப்பத்தான் தொடச்சேன், வழுக்கும். தெரியும், தெரியும், பங்குச்சாமி சொல்லிட்டாரு. இந்தப் படத்துல குழந்தை ஏசு முன்னாடி முட்டி போட்டிருக்கானே இடையன், அவன் உள்ளங்கால் அழுக்கா இருக்கு, வெள்ளையா மாத்திப் பூசணும், அதானே? பூசுங்க. ஒங்க வேலை. நான் தரை கழுவறவ, எனக்கென்ன வந்துச்சு.

அந்த மூஞ்சி யாருன்னு தெரியுமில்ல? துணி வியாபாரி தோன் ஒத்தாவியோ. படத்துக்குக் காசு குடுத்தவரு. குடுத்தவங்க மூஞ்சிய இடையனாவோ ராஜாவாவோ போட்டுடறது இங்க வழக்கந்தானே. இப்ப அவரு மகன் வந்து நிக்கறாரு, எங்கப்பா கால் இப்படி இருக்காதுன்னு. வாஸ்தவம். அவரு கால் வீங்கிப்போயி பஞ்சுல பொதிஞ்சு வெச்சிருப்பாரு. பூசையிலயே முட்டி போட மாட்டாரு, ஓவியக்காரரு முன்னாடி நாள்கணக்கா போடுவாராக்கும். நாற்காலியில ஒக்காந்து மூஞ்சிய மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரு. அதையும் பாருங்களேன். ஆண்டவரையா பாக்குது? புதுச் சரக்கு வந்திருக்கு, சாயம் போவுமான்னு பாக்குது.

அழறவங்க அந்த உள்ளங்காலப் பாத்துத்தான் அழறாங்க. மூஞ்சிய அண்ணாந்து பாத்து அழுத ஆளு ஒண்ணும் எனக்குத் தெரியாது. கிறிஸ்து பொறப்பு அன்னிக்கு வந்து நில்லுங்க. மீன்காரிங்க வருவாளுங்க, அந்தக் கால் வெடிப்பப் பாப்பாளுங்க, இவனையே உள்ள வுட்டிருக்காங்கன்னா நம்மளையும் வுடுவாங்கடின்னு மூக்கச் சிந்துவாளுங்க. சிந்தறது என் தரையில.

அந்தக் கட்டைவிரல் நகம் கறுப்பா இருக்குல்ல, அது அழுக்கு இல்ல. துறைமுகத்துல ஒயின் பீப்பா உருண்டு விழுந்தது. ஓவியக்காரரு அதையும் வுடல. கால் கழுவிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு, கழுவினா வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாரு. வெரலு மடங்கியிருக்கே, அது மட்டும் அவரு சொல்லி மடக்கினது இல்ல. குழந்தை ஏசுவுக்குன்னு வைக்கோல்ல யாரோ ஒரு சலவைக்காரி புள்ளையக் கெடத்தியிருந்தாங்க. எங்களுக்குப் பொறந்தது ஒண்ணும் தங்கல. அந்த மனுசன் வாய்விட்டு அழுது நான் பாத்ததே கெடையாது. அழுகை வந்தா கால் வெரலு மடங்கும், அவ்வளவுதான்.

ஆமா தம்பி. எங்க வூட்டுக்காரருதான். பியாஜோன்னு பேரு, மூட்டை தூக்கறவரு. மூஞ்சி தோன் ஒத்தாவியோவோடது, முதுகும் காலும் இவரோடது. நேப்பிள்ஸ்ல பாதி ஊர வாரிட்டுப் போச்சே கொள்ளைநோய், அப்ப வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. எந்தக் குழியில போட்டாங்கன்னு கேட்டுப் பாத்தேன், போட்டவனே செத்துட்டான்னாங்க. கல்லறை கெடையாது. மூஞ்சி எனக்கே இப்ப சரியா நெனப்புல வரமாட்டேங்குது. வெக்கமா இருக்கு, ஆனா அதான் நெசம்.

இந்தக் கோயில்ல எல்லா அழுக்கையும் நாந்தான் கழுவறேன். அந்தக் கால்ல மட்டும் ஈரத்துணி பட வுட்டதில்ல. சரி, நீங்க ஒங்க வேலையப் பாருங்க. வெள்ளைச் சாயக் கிண்ணத்த எதுக்கு மூடறீங்க? எறங்கறீங்களா? பாத்து எறங்குங்க தம்பி, தரை இன்னும் காயல.