ஐந்தாம் மேஜையின் கடைசி நாற்காலி

பெயர் கிராசியானா இரிபார்ன். வயது 68. காலஞ்சென்ற மார்ட்டின் இரிபார்னின் மனைவி. விலாசம்: கதவு எண் 1147, வில்லோ சந்து, ரீனோ, நெவாடா. பள்ளிப் பேருந்து ஓட்டுநராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை காலை 10.20 மணிக்கு, சூதாட்டக் கண்காணிப்பு அலுவலகத்தில், விசாரணை அதிகாரி திரு. கார்வர் கேட்க நான் சொன்னது. யாரும் என்னை மிரட்டவில்லை. காபி கொடுத்தார்கள், ஆறிப்போயிருந்தது.

நான் மேற்கண்ட விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாக, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரித்து, சலவைக்கூடத்திலும் முடிதிருத்தும் கடையிலும் இலவசமாக வைத்து வருகிறேன். ஊரிலுள்ள கேசினோக்களில் பிளாக்ஜாக் ஆட்டம் எங்கே எப்படி நடக்கிறது என்று அதில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். ஒரு சீட்டுக்கட்டா, ஆறு கட்டா, ஆஸ் சேர்ந்த பதினேழு வந்தால் சீட்டுப் போடும் டீலர் நிற்கிறாரா இன்னொரு சீட்டு எடுக்கிறாரா, முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் பத்து டாலருக்குப் பதினைந்து தருகிறார்களா, பன்னிரண்டோடு கையைக் கழுவுகிறார்களா என்பதெல்லாம் இருக்கும். அதற்குக் கீழே சலுகைகள்: மெம்பர் கார்டுக்கு என்ன பாயின்ட், காலை உணவு இலவசமா, அந்த முட்டை உண்மையான முட்டையா பொடி முட்டையா, நிழலில் கார் நிறுத்த இடம் உண்டா. எல்லாம் நானே போய், உட்கார்ந்து, ஆடி, தின்று பார்த்து எழுதுவது. யாரிடமும் இதற்காக ஒரு சென்ட் வாங்கியதில்லை. அதிகாரி இரண்டு முறை கேட்டதால் இரண்டு முறை சொல்கிறேன், வாங்கியதில்லை.

எங்கள் பகுதியில் எதிரெதிராக இரண்டு கேசினோக்கள் உள்ளன. ஒன்று ப்ளூ ஹெரான், மற்றொன்று காப்பர் லான்டர்ன். ஹெரானில் சலுகைகள் நன்றாக இருக்கும், ஆட்டம் மோசம். லான்டர்னில் ஆட்டம் நன்றாக இருக்கும், முட்டை பொடி முட்டை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு லான்டர்னும் பன்னிரண்டு டாலருக்கு இறங்கியது. அதை நான் கறுப்புக் கட்டம் போட்டு எழுதினேன். அதன் பிறகு ஆறே வாரத்தில் ஒரு மேஜையில் மட்டும் பழையபடி பதினைந்தாக மாற்றினார்கள். அதுதான் ஐந்தாம் மேஜை. லான்டர்னின் பகல் நேர மேலாளர் திரு. ஹால்வர்சன் அப்போது என்னிடம், "உங்க பேப்பர் வர்ற அன்னைக்கு எங்க முதலாளிக்குச் சோறு எறங்க மாட்டேங்குது மேடம்" என்றார். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஐந்தாம் மேஜையின் பகல் நேர டீலர் திரு. ரொடோல்ஃபோ பங்கிலினன், வயது 63. எல்லோரும் ரூடி என்போம். என்னை அக்கா என்று கூப்பிடுவார், அது அவர்கள் பிலிப்பினோ வழக்கம். முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சீட்டுப் போடுகிறார். அந்த மேஜையில் ஒரே கட்டு, கையில் வைத்தே போடுவது. டீலருக்கு ஒரு சீட்டு திறந்தும் ஒன்று கவிழ்ந்தும் இருக்கும். திறந்த சீட்டு ஆஸாகவோ பத்தாகவோ இருந்தால், இருபத்தொன்று விழுந்திருக்கிறதா என்று கவிழ்ந்த சீட்டின் மூலையைக் கட்டைவிரலால் லேசாக நிமிர்த்தி டீலர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெரானில் இதற்கென்று மேஜையிலேயே ஒரு சிறு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். லான்டர்னில் இன்னும் விரல்தான். அதைப் பழைய முறை, அழகான முறை என்று என் தாளில் நானே பாராட்டி எழுதியிருக்கிறேன்.

இந்த ஆண்டு ஜனவரியில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எத்தனை கை ஜெயிக்கிறார் என்று குறித்துப் பார்ப்போம் என்று, மாதம் முழுவதும் மூன்று கேசினோக்களில் குறித்தேன். எல்லா இடத்திலும் நூற்றுக்கு நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு என்றுதான் வந்தது. ஐந்தாம் மேஜையில் ரூடியின் வலக்கைப் பக்கம் உள்ள கடைசி நாற்காலிக்கு மட்டும் ஐம்பத்தொன்று வந்தது. அங்கே வழக்கமாக உட்காருபவர் வென்டல் என்ற ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் பேசவே மாட்டார். நான் அதை அதிர்ஷ்டம் என்று எண்ணி, வேடிக்கையான செய்தியாயிற்றே என்று பிப்ரவரி 5-ஆம் தேதித் தாளில் எண்ணோடு போட்டுவிட்டேன். இதைத் தொழிலாக ஆடுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒன்பது வருடம் கட்டம் போட்ட கைக்கு, கட்டத்தை நிரப்பாமல் விட மனம் வரவில்லை.

அதன் பிறகு பிப்ரவரி 11 முதல் சாக்ரமென்டோவிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து, கடைசி நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பெரிய பந்தயமாக ஆடினார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. நான் அவர்களோடு பேசியதில்லை. அவர்கள் ரூடிக்கு டிப்ஸ் வைத்தது உண்மை. லான்டர்னில் டிப்ஸ் எல்லாம் பொதுப் பெட்டியில் விழுந்து, அன்றைக்கு வேலை பார்த்த எல்லா டீலர்களுக்கும் சமமாகப் பிரியும். அதில் ரூடிக்குத் தனியாக எதுவும் கிடையாது. இதை ஹால்வர்சனும் அறிவார். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்கிறேன்.

அதன் பிறகு பிப்ரவரி 20, புதன்கிழமை, இரட்டைப் பாயின்ட் நாளில் அந்த இருவரும் வருவதற்கு முன்பே போய் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்காவது கையில் ரூடிக்குப் பத்து திறந்தது. அவர் கவிழ்ந்த சீட்டை நிமிர்த்தினார். கட்டைவிரல் மடங்கவில்லை. சீட்டு மொத்தமாக மேலே வந்தது. ஸ்பேட் ஆறு, என் சமையலறைக் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் தெரிந்தது. நான் உடனே எழுந்து முதல் நாற்காலிக்கு மாறிக்கொண்டேன். ரூடி சிரித்துக்கொண்டே, "என்னக்கா, அந்தச் சேர் குத்துதா?" என்றார். அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தவர் அப்படிச் சிரிக்க மாட்டார்.

மறுநாள் காலை, அவர் வேலைக்குப் போகும் முன், லான்டர்னின் காபிக் கடையில் அவரைச் சந்தித்தேன். அவர் கெட்சப் புட்டியைத் தொடைகளுக்கு நடுவே வைத்து இடக்கையால் திறந்துகொண்டிருந்தார். நான் நேராகவே சொன்னேன்.

"ரூடி, நீ சீட்டப் பாக்குறப்ப பக்கத்துல இருக்கறவனுக்கும் காட்டுற."

அவர் புட்டியை மேஜைமேல் வைத்தார். பிறகு, "வெரல் செத்துப்போச்சுக்கா. புதுவருசப் பட்டாசா வெடிச்சுது வலி, ஊசி போட்டேன், இப்ப வலியும் இல்ல, வெரலும் இல்ல" என்றார்.

"ஹால்வர்சன்கிட்ட சொல்லி வேற வேலை கேளு."

"என்ன வேலை? ரூலெட் சக்கரத்துக்கும் வெரல் வேணும், பந்தயச் சில்லு அடுக்கவும் வெரல் வேணும். டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, டாக்டர் எழுதுவாரு, அன்னிக்கே இன்சூரன்ஸ் போச்சு. பெர்லாவோட சிகிச்சை அக்டோபர்லதான் முடியுது. அக்டோபர் வரைக்கும்க்கா. யாருகிட்டயும் வெரலச் சொல்லிராதீங்க."

பெர்லா அவர் மனைவி. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறார். ரூடியின் வேலையோடு வரும் காப்பீட்டில்தான் மருந்து வருகிறது. நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கையை உடம்போடு ஒட்டி, சாய்த்துப் பார்க்கப் பழகுகிறேன் என்று அவர் சொன்னார். பழகிப் பார்த்தார், முடியவில்லை.

அதன் பிறகு நான் செய்ததுதான் இந்த வழக்குக்கே காரணம். ஆட்கள் ஐந்தாம் மேஜைக்கு வராமல் இருந்தால் ரூடிக்கு ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டேன். மார்ச் 5-ஆம் தேதித் தாளில், "காப்பர் லான்டர்ன், மேஜை 5: இப்போது பத்துக்குப் பன்னிரண்டு மட்டுமே. தவிர்க்கவும்" என்று எழுதினேன். அது பொய். அந்த மேஜை அன்றும் பதினைந்துதான் கொடுத்தது. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை, ரூடிக்கும் தெரியாது. எழுதிய அன்று இரண்டு தடவை கிழித்தேன், மூன்றாவது தடவை நகல் எடுத்துவிட்டேன்.

ஊர்க்காரர்கள் என் தாளை நம்புகிறவர்கள். ஒருவரும் ஐந்தாம் மேஜைக்குப் போகவில்லை. சாக்ரமென்டோ ஆட்களுக்கு மட்டும் உண்மை தெரியும், ஏனென்றால் அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் இல்லாததால் அவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்கு கை கிடைத்தது. ரூடியைக் காப்பாற்றுகிறேன் என்று மேஜையைப் பெருக்கித் துடைத்து அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது நான்தான். ஏப்ரல் 9 அன்று ஹால்வர்சன் பிப்ரவரித் தாளையும் மார்ச் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று ஆள் கூப்பிட்டது, மற்றொன்று இடம் காலி செய்தது, நான், ரூடி, அந்த இருவர் என நாலு பேரும் கூட்டு என்று புகார் கொடுத்து, ரூடியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

டீலர் தெரியாமல் காட்டியதைப் பார்த்து ஆடுவது குற்றமல்ல, டீலரோடு பேசிவைத்துக்கொண்டு பார்ப்பது குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை உண்டு என்று அதிகாரி விளக்கினார். அது எனக்குத் தெரியும். இன்று காலை இந்த அலுவலகத்தின் நடையில் ரூடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "அக்கா, எத வேணா சொல்லுங்க, வெரல மட்டும் சொல்லாதீங்க" என்றார். நான் உள்ளே வந்தேன். விரலைச் சொல்லாவிட்டால் அவர் சிறைக்குப் போவார். சொன்னால் வேலை போகும். இரண்டையும் மனதுக்குள் கட்டம் போட்டுப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், பொய் எழுதியவள் என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரு சீட்டுக்கட்டைக் கொடுத்து ரூடியைச் சீட்டுப் போடச் சொல்லுங்கள், நீங்கள் அவர் வலப்பக்கம் உட்காருங்கள், வேறு எதையும் கேட்க வேண்டாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். மதியம் 1.05 மணிக்கு வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. என்னை நடையில் உட்காரவைத்தார்கள்.

மீண்டும் 2.40 மணிக்குத் தொடர்கிறேன். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. ரூடி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு தடவையும் என்ன சீட்டுன்னு அதிகாரி சரியாச் சொல்லிட்டாருக்கா" என்றார்.

"கேஸ்?"

"கேஸ் இல்லயாம். ஆனா ரிப்போர்ட்ல வெரல எழுதியாகணுமாம். லான்டர்னுக்கும் ஒரு காப்பி போகுமாம்."

பிறகு, "பெர்லாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க அதுக்கும் கட்டம் போட்டுறாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. எழுந்து கோட்டை மாட்டினார். ஜிப் ஏறவில்லை. நான் போட்டுவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

வரும் மே 7-ஆம் தேதித் தாளில் மார்ச் மாதத் தவறைத் திருத்தி, காப்பர் லான்டர்ன், மேஜை 5, பத்துக்குப் பதினைந்து, பழைய டீலர் இல்லை என்று எழுதுவேன்.

மேலே கண்டவை நான் வாய்மொழியாகச் சொன்னவை. அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். ஸ்பேட் ஆறு என்பதை அவர் ஸ்பேட் ஒன்பது என்று எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் பொய் எதுவும் இல்லை. என் பங்குப் பொய்யை மார்ச் மாதத் தாளிலேயே எழுதித் தீர்த்துவிட்டேன்.

(ஒப்பம்)
கிராசியானா இரிபார்ன்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
கார்வர், விசாரணை அதிகாரி