மஹ்ரூபின் முன்குறி

எனக்கு வேட்டையில் விருப்பமில்லை. வீட்டில் கோழி அறுக்கும் நாட்களில் நான் வேலிப்பக்கம் போய் நின்றுவிடுவேன். என் மனைவி மரியம்மா இதைச் சொல்லி இன்றைக்கும் என்னைக் கேலி செய்வாள். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கொலையில் ஆசை கொண்ட மனிதன் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

பெயர் யேசுரட்ணம். வெள்ளைக்காரர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை கடற்படை ஆயுதக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தேன். துவக்குகளைக் கழற்றிப் பூட்டுவதை அங்கே பார்த்தேன். அங்கே கிடந்த ஆங்கிலப் புத்தகங்களை வாசித்தேன். பிறகு லைசன்ஸ் எடுத்து, மூதூர் லாஞ்சி வந்து கட்டும் துறைக்குப் பக்கத்தில் துவக்குத் திருத்தும் கடை போட்டேன். பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் விவசாயிகள்தான் வருவார்கள். துருப்பிடித்த விசை, வெடித்துப்போன மரப்பிடி, அவ்வளவுதான். நான் வாசித்தவற்றுக்கு அந்தக் கடையில் வேலையே இல்லை.

மஹ்ரூப் ஒருவர்தான் அப்படியொரு வேலையோடு வந்தார். மூதூரில் வயல் செய்துகொண்டிருந்தவர். வயலுக்குள் இறங்கும் யானை ஆளைக் கொன்றுவிட்டால், அதைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுக்கும் இரண்டொரு ஆட்களில் அவரும் ஒருவர். அவருடைய றைபிளின் குழல் நல்ல நிலையில் இருந்தது. குழல் வந்து திருகிக்கொள்ளும், தோட்டாவை வாங்கி அடைக்கும் அந்த மேல் உடல், நாங்கள் றிசீவர் என்போம், வெடித்திருந்தது. குழலை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாக அமைத்துத் தரும்படி கேட்டார்.

மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன சாமான்களிலிருந்து இரண்டு றிசீவர்களை முறைப்படி வாங்கினேன். ஒன்று பாரமானது, முதுகு தட்டை. மற்றது இலேசானது, முதுகு உருண்டை. தட்டை முதுகில் வளையக் குறியை இரண்டு திருகாணி போட்டு இறுக்கலாம். வளையக் குறி என்றால் கண்ணுக்குக் கிட்ட நிற்கும் சிறிய இரும்பு வளையம். அதற்குள்ளால் பார்த்தால் குழல் நுனியில் நிற்கும் முன்குறி தானாகவே நடுவுக்கு வந்துவிடும். கண் பிழை விட இடமில்லை. உருண்டை முதுகில் அதைப் பூட்ட முடியாது. குழலின் மேல் ஒரு வெட்டு, நுனியில் ஒரு முன்குறி என்று பழைய முறைதான் சரிவரும். எது நல்லது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. தட்டை றிசீவரையும் வளையத்தையும் பொருத்திக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை அது.

கொண்டுபோனவர் அடுத்த கிழமையே திரும்பி வந்தார்.

“யேசண்ணன், இந்த ஓட்டைக்குள்ளால பாத்தா யானையும் கறுப்பு, காடும் கறுப்பு. நான் எதுக்கு வெடி வைக்கிற?”

“கண் பழகோணும் தம்பி. வளையத்தைப் பாக்காதேங்கோ, அதுக்குள்ளால பாருங்கோ. புத்தகத்தில வடிவா எழுதிக் கிடக்கு.”

“பொத்தகம் எழுதின தொரைய ஒருக்கா பொழுதுபடக்குள்ள எங்கட வயலுக்கு அனுப்புங்க. நான் மரத்துல ஏறி இருந்து பாக்கன்.”

தேத்தண்ணி கொண்டுவந்த அபூதாஹிர் கிளாசை வைத்துவிட்டுப் போகவில்லை. அவருடைய கடை என் கடைக்கு அடுத்தது. அங்கே சொல்லப்படுவது அடுத்த லாஞ்சியில் மூதூருக்குப் போய்விடும். “யானைக்கிட்டச் சொல்லி வையி மஹ்ரூப், பகல் பத்து மணிக்கு வரச்சொல்லி. அண்ணன்ட ஓட்டைக்கு அப்பத்தான் வெளிச்சம் பத்தும்” என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வளையத்தைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து தரும்படி மஹ்ரூப் கேட்டார். மாட்டேன் என்றேன். தெரிந்தவர்கள் தீர்மானித்த அளவு அது. அப்படியென்றால் கழற்றிவிடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உருண்டை றிசீவரைப் போடச் சொன்னார். முன்குறிக்கு மேல் ஒட்டுவதற்கு இலங்கைத்துறைக் கரையில் பொறுக்கிய சங்குத் துண்டொன்றை மடியிலிருந்து எடுத்துத் தந்தார். அதை மணிபோல உருட்டி வைத்தால் இருட்டும் நேரத்திலும் வெள்ளையாகத் தெரியுமாம்.

செய்து கொடுத்தேன். கடற்கரையில் வைத்து முன்குறியை அங்கும் இங்கும் தட்டிச் சரிபார்த்தார். கடைசியில் ஒரு காய்ந்த தேங்காயைத் தூரத்தில் வைத்துச் சுட்டு உடைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் ஒன்றையே கேட்டார்கள். “மஹ்ரூபுக்குப் போட்ட சங்குமணி எங்களுக்கும் வேணும்.” நான் ஒவ்வொருவருக்கும் வளையத்தை எடுத்துக் காட்டினேன். ஒருவரும் கண்ணைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மரியம்மாவிடம் ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். அவள், “அந்த மனிசனுக்குத் தெரியாததே?” என்றாள். என் சொந்த வீட்டில்.

இந்த நிலையில்தான் கங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒற்றை யானை வயற்காவலில் இருந்தவரைக் கொன்றது. மஹ்ரூபுக்கு அனுமதி கிடைத்தது. அதை அரசாங்கக் கச்சேரியில் எடுத்துக்கொண்டு அப்படியே வயலுக்குப் போவதாக, காலை லாஞ்சியில் றைபிளோடு வந்தார். திருகாணிகளை இறுக்கி எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லிக் கடையில் விட்டுவிட்டுப் போனார்.

முன்குறி குழலின் நுனியில் ஒரு குறுக்குப் பள்ளத்துக்குள் இறுகி நிற்கிறது. பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பக்கவாட்டில் நகரும். நான் தட்டினேன். நகர்ந்தால் தெரிவதற்காக, குறியின் அடியிலிருந்து குழல்வரை ஒரு கோடு கீறியிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தேன். புதிய இடத்தில் புதிய கோடு கீறினேன். புதுக் கீறல் மினுங்கும் என்பதால் எண்ணெயும் புகைக்கரியும் பூசினேன். அவசரப்படவில்லை. எந்த வேலையையும் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

மஹ்ரூப் திரும்பி வந்து கோட்டைத்தான் முதலில் பார்த்தார். விரலால் தடவினார்.

“இனி ஒருக்கா வெடி வச்சுப் பாக்க மாட்டீங்களோ, தம்பி?” என்று கேட்டேன்.

“ஸுல்பிகா காலையில ஓதி ஊதித்தான் தந்தவ. இனிச் சும்மா வெடி வைக்க ஏலா அண்ணன். முதல் வெடி யானைக்குத்தான்.”

அது அவர்களுடைய வீட்டுப் பழக்கம். மனைவி ஓதி ஊதிய துவக்கால் கல்லுக்கும் தேங்காய்க்கும் சுடமாட்டார். எனக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்று நினைத்தேன்.

“குறி எப்பிடி?” என்றார்.

“நீங்க ஆசைப்பட்ட குறிதான். நான் என்னத்தைச் சொல்ல?”

சிரித்தார். அவருடைய பையைத் துறைவரைக்கும் நான்தான் தூக்கிப் போனேன். லாஞ்சி புறப்படச் சற்றுத் தாமதமானது. அபூதாஹிர் இருவருக்கும் தேத்தண்ணி தந்தார். நானும் மஹ்ரூபும் மழையைப் பற்றிக் கதைத்தோம். வேறு ஏதும் கதைக்க நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓம், இருந்தது.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குறி தவறவேண்டும் என்று நினைத்தேன். தவறினால் யோசிப்பார், யோசித்தால் வளையத்திடம் திரும்பி வருவார். எதிரில் நிற்கப்போவது மானல்ல, யானை என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் இங்கே சொல்லவில்லை.

நடந்ததைக் கூடப்போன றஊப் வந்து துறையில் சொன்னார். பொழுதுபடும் நேரம். யானை வயல் ஓரத்துக்கு வந்து நேராக நின்றிருக்கிறது. மஹ்ரூப் கிட்டப் போய் நெற்றிக்குக் குறிவைத்துச் சுட்டார். வெடி காதோரத்தில் பட்டது. யானை ஓடி வந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்று மறுபடி சுட்டார். “கை நடுங்கல்ல அண்ணன். ரெண்டாம் வெடியும் முதல் வெடி பட்ட அதே இடத்துலதான் பட்டிச்சி. யானை தூக்கக்குள்ளயும் துவக்க விடல்ல” என்று சொல்லி றஊப் அழுதார். இரண்டு வெடியும் ஒரே இடத்தில் பட்டால் பிழை கையிலா குறியிலா என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். மரண விசாரணையில்கூட யானை கொன்றது என்று எழுதிவிட்டு எழுந்து போனார்கள்.

நான் காத்திருந்தேன். இனிமேலாவது புரிந்துகொள்வார்கள் என்று எண்ணினேன். அடுத்து வந்தவர், மஹ்ரூப் வைத்திருந்த அதே சங்குமணிக் குறி வேண்டும் என்றார். “அவருக்கு அல்லா எழுதின ஹயாத்து அவ்வளவுதான் அண்ணன். துவக்கு என்ன செய்யும்?” என்றார். அவருக்குப் பின்னாலும் ஆட்கள் வந்தார்கள். இறந்த மனிதர்மேல் இருந்த மதிப்பு அந்தக் குறியின்மேல் ஏறிவிட்டது.

கடைசியாக ஸுல்பிகா வந்தார், தமையனோடு. விதவை வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலம் முடிந்து அவர் வெளியே வந்த முதற்பயணம் அது என்று தமையன் சொன்னார். றைபிளை விற்றுத்தரச் சொல்லி ஸுல்பிகா மேசையில் வைத்தார். “ஒங்கட கைபட்ட துவக்கு எண்டா பயமில்ல எண்டு சொல்லிச் சொல்லித்தான் போனவர்” என்றார். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. என் கையையும் அந்தக் குறியையும் ஒன்றாகவே நினைக்கிறார். அவர் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்தேன்.

முன்குறியைத் தட்டி நகர்த்தியவன் நான். கோட்டை அழித்தவன் நான். மஹ்ரூப் அதனால்தான் செத்தார். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள், ஐயா. வளையக் குறியை அப்படி ஒரு தட்டில் அசைக்க ஏலாது. இரண்டு திருகாணி போட்டு றிசீவரின் முதுகில் இறுக்கியிருந்தேன். யார் கை வைத்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். நான்கூட எதுவும் செய்திருக்க முடியாது. அவருடைய உயிரில் இருந்த அக்கறையால்தான் அதைப் போட்டுக் கொடுத்தேன். கழற்றச் சொன்னவர் அவர்.