சுவரொட்டியில் அலறுகிறவள்

“அவ இப்டி கத்தினா, நா எப்டி ஊட்டுக்குப் போறது?”

கூடூர் பாசஞ்சர் கும்மிடிப்பூண்டியில் நின்றிருந்தபோது, எதிர் இருக்கையில் மடியில் தூக்குச்சட்டி வைத்திருந்த ஓர் அம்மாள் இப்படிக் கேட்டார். பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்தில் அவரோடு கம்பெனியில் வேலை செய்யும் இளம்பெண். ஜன்னலுக்கு வெளியே, ஸ்டேஷன் சுவரில், புதிய மர்மப் படத்தின் சுவரொட்டி. அதில் கதாநாயகி வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தாள்.

“அதே பழைய தொடர்கதைதான்க்கா. ரெண்டாந்தபா படமா, கலர்ல எடுத்துகீறாங்க. ஈரோயின் புச்சு. நல்லா சேப்பா கீறா.”

“சேப்பு கெடக்கட்டும்டி. பழைய படத்துல இருந்தவ கத்தவே இல்ல. கொலகாரன் பின்னாலயே வரான், தெரிஞ்சும் திரும்பாம நடந்தா. ஆரம்பாக்கத்துல எறங்கி, வயக்காட்டு இருட்டுல நா தெனம் அவள நெனச்சிக்கினுதான் போறேன்.”

“மாமாவ டேசனுக்கு வரச்சொல்லேன்.”

“அது வந்தா, அதுக்கு நா தொணையா போவணும்.”

“அப்ப இந்தப் படத்துக்குப் போவாத.”

“அதான் சொவுத்துல பாத்துட்டனே.”

இளம்பெண் அதற்குச் சிரிக்கவில்லை.

ஆரம்பாக்கத்தில் அம்மாள் மட்டும் இறங்கினார். பிளாட்பார விளக்கின் வெளிச்சம் முடிகிற இடம் வரை போய் அப்படியே நின்றுவிட்டார். வண்டி நகர்ந்தது. இளம்பெண் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கூவினாள்:

“யக்கா! பழையவ இன்னா பண்ணுவா?”

அம்மாள் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் இருட்டுக்குள் நடந்தார்.